சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

2019-ம் வருஷம் ஏப்ரல் 15 முதல் மே 20 வரை ஆறு திங்கட்கிழமைகள் வந்தன. அந்த ஆறு திங்கட்கிழமையும் எங்கள் ஆபீஸில் ஒருத்தர்கூட லேட்டாக வரவில்லை.

இது சாதாரண விஷயம் இல்லை ஸார். மற்ற திங்கட்கிழமைகளில் எங்கள் செக்‌ஷனில் ஒருத்தருக்கு வயிற்று வலி இருக்கும். இன்னொருத்தர் ஊரிலிருந்து வரும் பஸ் செங்கல்பட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். மூன்றாமவருக்குப் பாட்டி காலமாகியிருப்பார் (அதே பாட்டி, மூன்றாவது தடவை). ஆனால் அந்த ஆறு வாரமும், ஒன்பதே காலுக்கு வைக்க வேண்டிய கைரேகையை எட்டே முக்காலுக்கே வைத்துவிட்டு, டிபன் டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல் கான்டீன் ஓரத்து மேஜையைச் சுற்றிக் கூட்டம் போட்டிருந்தோம்.

காரணம் இதுதான். அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. எச்.பி.ஓ.வின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீஸன், அங்கே டி.வி.யில் வரும் அதே நேரத்தில் இங்கே ஹாட்ஸ்டாரிலும் வந்தது. ஆறரைக்குப் பார்த்து, எட்டு மணிக்குக் குளித்து, பஸ்ஸில் யார் வாயையும் பார்க்காமல் காதைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தால்தான் நிம்மதி. நடுவில் ஏப்ரல் 18 அன்று லோக்சபாவுக்கு ஓட்டு வேறு போட்டோம். மே 23 ரிசல்ட். இருந்தாலும் 'சிம்மாசனத்தில் உட்காரப் போவது யார்?' என்று எங்கள் மேஜையில் யாராவது கேட்டால், அது டெல்லியைப் பற்றிய கேள்வி இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் முடிவைச் சொல்லத்தான் போகிறேன். 'எல்லாரும் சொல்றாங்க, ஒருநாள் பார்க்கணும்' என்று வைத்திருப்பவர்கள் இப்போதே ஜோக்ஸ் பக்கத்துக்குத் தாவிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தாவாதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: வெஸ்டெரோஸ் என்று ஒரு தேசம். இரும்பு வாள்களை உருக்கிச் செய்த ஒரு சிம்மாசனம். அதற்கு ஏழெட்டுக் குடும்பங்கள் அடித்துக்கொள்கின்றன. வடக்கே வானுயர ஒரு பனிச்சுவர். அதற்கு அப்பால் செத்துப்போனவர்களின் பட்டாளம். கிழக்கே கடல் தாண்டி, மூன்று டிராகன்களோடு டெனேரிஸ் என்று ஒரு வெள்ளிமுடி அழகி. 2011 ஏப்ரல் 17-ல் ஆரம்பித்து 2019 மே 19-ல் முடிந்தது. எட்டு சீஸன், 73 எபிஸோட். மூலம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதும் நாவல் வரிசை. முதல் புத்தகம் 1996-ல் வந்தது. சொத்துத் தகராறு, பெரிய குடும்பம், வாரிசு யார் என்கிற குழப்பம்... யோசித்துப் பார்த்தால் நம் மத்தியான ஸீரியல்தான். டிராகன் மட்டும் எக்ஸ்ட்ரா.

எங்கள் மேஜைக்கு ஒரு தலைவர் உண்டு. கேஷியர் ஸார்.

நான் பி.காம். முடித்து அந்தக் கம்பெனியில் சேர்ந்தது 2012-ல். (இப்போது அங்கே இல்லை. கணக்கை விட்டுவிட்டு, எழுதிப் பிழைக்கிறேன்.) அப்போது கேஷியர் ஸாருக்கு ஐம்பத்தோரு வயசு. தயிர் சாதம், நாரத்தங்காய் ஊறுகாய், மூக்கு நுனியில் கண்ணாடி. நாங்கள் பென் டிரைவில் வாங்கிப் பார்த்து (எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது) மத்தியானம் சண்டை போடுவோம். பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒருநாள் தட்டோடு எழுந்து வந்தார்.

"ஏம்பா, அந்த நெட் ஸ்டார்க்குனு சொல்றீங்களே... போஸ்டர்ல சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்கறது அவன்தானே? அவன்தானே ஹீரோ?"

"ஆமாம் ஸார்."

"அவன் தலையை ஒன்பதாவது வாரமே வெட்டிட்டானா?"

"ஆமாம் ஸார்."

கேஷியர் ஸார் ஊறுகாயை நக்கிவிட்டுச் சொன்னார்: "அப்போ இந்தக் கதைக்காரன் நேர்மையானவன். நானும் பார்க்கறேன்."

அவர் டி.வி. பார்த்ததோடு நிற்கவில்லை. திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் தேடி, கிடைத்ததை வாங்கி வந்தார். கிடைத்தது மூன்றாவது வால்யூம்! 2000-ல் வந்தது. 2013 ஜூன் 2-ல் 'ரெட் வெட்டிங்' எபிஸோட் வந்தபோது - அதாவது கல்யாண விருந்துக்குப் போன நெட்டின் மனைவி, மகன், கர்ப்பிணி மருமகள் மூவரையும் பந்தியிலேயே தீர்த்துக்கட்டும் எபிஸோட் - உலகம் முழுக்கப் புத்தகம் படித்தவர்கள் படிக்காத நண்பர்களை டி.வி. முன்னால் உட்கார வைத்து, அவர்கள் அலறுவதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேஷியர் ஸாரிடம் காமிரா இல்லை. ஆனால் இரண்டு நாள் "பார்த்துட்டீங்களா? பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் பார்த்துவிட்டுப் பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தோம். எதிரே உட்கார்ந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தபடி தயிர் சாதம் சாப்பிட்டார். அவர் அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

அவரிடம் ஒரு லாங் ஸைஸ் நோட்டு இருந்தது. ஆபீஸ் லெட்ஜர் மாதிரியே நடுவில் கோடு. இடது பக்கம், கதைக்காரர் நமக்கு வைத்திருக்கும் பாக்கி. வலது பக்கம், பைசல் ஆனது. பாக்கி என்றால்? விடை சொல்லாமல் விட்ட கேள்வி, காரணம் சொல்லாமல் காட்டிய பொருள், சொன்ன ஜோசியம், கொடுத்த வாக்கு எல்லாம் தேதியோடு பதிவாகும். எபிஸோட் நம்பர்தான் வவுச்சர் நம்பர்.

"கதைங்கறது கடன் வியாபாரம்பா" என்பார். "அவன் இன்னிக்கு ஒரு முடிச்சைக் காட்டறான். நாம நம்ம நேரத்தைக் கொடுக்கறோம். பின்னாடி அவிழ்ப்பான்ங்கற நம்பிக்கைதான் செக்யூரிட்டி."

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகாது. முப்பத்தேழு ரூபாய் உதைக்கும். ராத்திரி பதினொரு மணி. ஆடிட்டர் காலையில் வருவார். அப்போது அந்த முப்பத்தேழு ரூபாயை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளி வைப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததும் எடுத்து உரிய இடத்தில் போட்டுவிட வேண்டும். கேஷியர் ஸாரின் நோட்டுக்கு அட்டையில் எழுதியிருந்த பெயர் அதுதான்.

அந்த நோட்டின் முதல் பாக்கி: ஜான் ஸ்நோவின் அம்மா யார்?

நெட் ஸ்டார்க் போருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வருகிறார். 'எனக்குத் தப்பு வழியில் பிறந்தவன்' என்கிறார். சத்தியசந்தர் என்று பேரெடுத்த மனிதர், பெண்டாட்டியிடம்கூட அம்மா பெயரைச் சொல்லவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் 1997-லேயே விடை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? அப்போது வந்திருந்தது ஒரே ஒரு புத்தகம். அதை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். நெட்டின் தங்கை லயானா ரத்தம் தோய்ந்த படுக்கையில் சாகிறாள். சாகும்போது அண்ணனிடம் ஏதோ சத்தியம் வாங்குகிறாள். அவள் நினைவோடு நீல ரோஜாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னொரு நாள் போட்டியில் ஜெயித்த இளவரசன் ரேகார், சொந்த மனைவியைத் தாண்டிப் போய் லயானாவின் மடியில் அதே நீல ரோஜாக் கிரீடத்தை வைக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜாவின் மெய்க்காவல் படையில் தலைசிறந்த மூன்று பேர், போர்க்களத்தை விட்டுவிட்டு அத்துவானத்தில் ஒரு கோபுரத்துக்குக் காவல் நிற்கிறார்கள்.

"ராஜாவைக் காக்க வேண்டியவன் இங்கே எதுக்கு நிக்கறான்? உள்ளே ராஜ வாரிசு இருந்தாத்தானே நிப்பான்!" என்று மேஜையைத் தட்டினார் கேஷியர் ஸார். ரேகார் பிளஸ் லயானா ஈக்வல் டு ஜான். உலக ரசிகர்கள் இதைச் சுருக்கி 'ஆர் பிளஸ் எல் ஈக்வல் டு ஜே' என்று அல்ஜீப்ரா மாதிரி எழுதுவார்கள். இந்த நாவலை டி.வி.க்கு எடுக்கிறோம் என்று டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் இருவரும் மார்ட்டினைப் போய்ப் பார்த்தபோது, அவர் அவர்களிடம் கேட்டதே 'ஜானின் அம்மா யார்?' என்றுதான். சரியாகச் சொன்னார்கள். உரிமை கிடைத்தது. ஒரு மாதிரி இன்டர்வியூ!

2016 ஜூன் 26 எபிஸோடில் கோபுரம் திறந்தது. ரத்தப் படுக்கை, சத்தியம், குழந்தை எல்லாம் கண் முன்னால். பத்தொன்பது வருஷ சஸ்பென்ஸ்! விடை எங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் பாருங்கள், எங்கள் மேஜையில் இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். முன்கூட்டியே தெரிந்த விஷயம் எப்படி இத்தனை சந்தோஷம் தரும்? கேஷியர் ஸார் வலது பக்கத்தில் 'பைசல்' என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்ட அழகைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அதே வருஷம் மே 22-ல் ஹோடாரும் பைசல் ஆனான். 'ஹோடார்' என்ற ஒரே சொல்லைத் தவிர வேறு பேசத் தெரியாத ஒரு பெரிய உருவம். ஏன் அந்தச் சொல்? ஐந்து சீஸனாக யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கடைசியில் பிணங்களின் கூட்டம் துரத்த, கதவைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு சாகிறான். 'ஹோல்ட் த டோர்' என்று யாரோ கத்தியது, மாய வழியில் அவனுடைய சின்ன வயசுக்குப் போய்ச் சேர்ந்து, தேய்ந்து தேய்ந்து 'ஹோடார்' ஆகியிருக்கிறது. பாவி, பிறந்த ஊரில் விளையாடிக்கொண்டிருந்த பையனுக்கு அன்றைக்கே சாவு குறிக்கப்பட்டுவிட்டது! அந்தத் திங்கட்கிழமை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டெஸ்பாட்ச் தம்பிதான் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, தமிழ்ல எடுத்தா இது எப்படிண்ணே வரும்? 'கதவப் புடி'... 'கதபுடி'... 'கபுடி'..."

"கபடி!" என்றார் கேஷியர் ஸார்.

எட்டு வருஷத்தில் அந்த மேஜையில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. கண்ணில் தண்ணீரோடு சிரித்தோம். அது எந்தக் கண்ணீர் என்று கேட்காதீர்கள்.

இந்த டெஸ்பாட்ச் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒப்பந்த ஊழியர். ப்ளஸ் டூ. கவர் ஒட்டுவது, கூரியருக்குச் சீட்டு எழுதுவது, ரிஜிஸ்டரில் ஏற்றுவது. ஆபீஸ் மீட்டிங்கில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அது டீ கொண்டுவரத்தான். ஆனால் எங்கள் மேஜையில் அவன் பேச ஆரம்பித்தால் கேஷியர் ஸாரே நோட்டைப் பிரிப்பார். சப்-டைட்டிலை நிறுத்தி நிறுத்தி, டிக்‌ஷனரி பார்த்து, ஒவ்வொரு எபிஸோடையும் மூன்று தரம் பார்ப்பான். அவன் கண்ணுக்குத் தப்பிய பொருள் கிடையாது.

எதிர்க்கட்சி, சேல்ஸ் மேனேஜர். டெனேரிஸின் பரம பக்தர். 'கலீசி' என்பது அவளுடைய பட்டம். அமெரிக்காவில் 2018-ல் மட்டும் 560 பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் மேனேஜரும் 2016-ல் பிறந்த மகளுக்கு அதையே வைக்கப் பார்த்தார். "கலீஜ்னு கூப்பிடற மாதிரி இருக்கு மாப்ளே" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

2017 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. அன்று காலை எபிஸோடில் டெனேரிஸ், மண்டியிட மறுத்த அப்பா, பிள்ளை இருவரையும் டிராகனை விட்டு எரித்தாள். மேஜையில் தம்பி சொன்னான்:

"ஸார், இவ கடைசில ஊரையே கொளுத்துவா ஸார்."

மேனேஜர் சிரித்தார். "அடிமைகளை விடுதலை பண்ணினவ தம்பி அவ!"

"அண்ணன் தலைல உருக்கின தங்கத்தை ஊத்தினப்போ கண் இமைக்காமப் பார்த்தா ஸார். மீரீன் ஊர்ல 163 பேரை உயிரோட கட்டைல அறைஞ்சா. அப்புறம் ரெண்டாவது சீஸன் கடைசில அவ ஒரு மாயக் காட்சி பார்ப்பா, ஞாபகம் இருக்கா? சிம்மாசன மண்டபம், கூரை இல்லை, வெள்ளையா ஏதோ கொட்டிக்கிட்டிருக்கும்..."

"பனி" என்றார் மேனேஜர்.

"பனி இல்ல ஸார். சாம்பல்."

மேனேஜருக்கு ஏனோ சுருக்கென்று ஏறிவிட்டது. "கவர் ஒட்டறவன் எல்லாம் கதை சொல்ல ஆரம்பிச்சா இப்படித்தான்!" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பி டப்பாவை மூடினான். அடுத்த நாள் சுதந்திர தினம், லீவு. புதன்கிழமை அவன் மேஜைக்கு வரவில்லை. டெஸ்பாட்ச் ரூமிலேயே சாப்பிட்டுக்கொண்டான். அந்தச் சீஸன் முடியும்வரை வரவில்லை. மேனேஜரும் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன் என்கிறீர்களா? அந்த வார்த்தை விழுந்தபோது என் தட்டில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்க்ரிமென்ட் லிஸ்ட் அந்த மேனேஜர் வழியாகத்தான் போகும்.

கேஷியர் ஸார் நோட்டில் இடது பக்கம் எழுதினார்: 'பனியா, சாம்பலா?' எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இந்த மாதிரி ஊகச் சண்டைகள் நமக்குப் புதுசா என்ன? கல்கி 1950-ல் ஆரம்பித்து 1954-ல் முடித்த 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுபது வருஷமாகச் சண்டை போடுகிறோம். நான் பள்ளிக்கூடம் போன நாளில் 'விடாது கருப்பு' ஸீரியலில் கருப்பு யார் என்று டீக்கடையில் பந்தயமே கட்டினார்கள். என் அப்பா பத்து ரூபாய் தோற்றார். ஊகிக்கிறவனை வேலை வெட்டி இல்லாதவன் என்று சொல்லிவிடலாம். ஆனால் கதைக்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஞாபகம் வைத்திருக்கிறவனும் அவன்தான். சொன்னவரே மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்.

மார்ட்டினுக்கு இது தெரியும். 2014-ல் எடின்பரோ புத்தக விழாவில் பேசும்போது, ஒன்றிரண்டு வாசகர்கள் தன் விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதைச் சொன்னார். முடிவை மாற்றலாமா என்று தடுமாறியிருக்கிறார். மாற்றினால் நாசமாகிவிடும், ஏனென்றால் துப்புகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்று விட்டுவிட்டாராம். "பார்த்தியா! யாரோ லெட்ஜரைப் பார்த்துட்டாங்கறதுக்காக என்ட்ரியைத் திருத்தறவன் இல்லை" என்றார் கேஷியர் ஸார்.

2019 வந்தது. மே 31-ம் தேதி கேஷியர் ஸாருக்கு ரிடையர்மென்ட். மே 20 காலை கடைசி எபிஸோட். "கேஷைத் தர்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கையும் முடிச்சிடலாம்" என்று புதுப் பேனா வாங்கி வைத்திருந்தார்.

முதல் அடி, ஏப்ரல் 29 காலை. செத்தவர்களின் பட்டாளத்தோடு மகா யுத்தம். 82 நிமிஷம். ஐம்பத்தைந்து ராத்திரி குளிரில் எடுத்தார்களாம். எங்கள் வீட்டு டி.வி.யில் எனக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான், அவ்வளவு இருட்டு! (ஒளிப்பதிவாளர், 'உங்கள் டி.வி. செட்டிங் சரியில்லை' என்றார். சரிதான், எங்கள் கரண்ட் பில்லும் சரியில்லை.) பல வருஷமாகப் பூச்சாண்டி காட்டிய நைட் கிங்கை, நெட்டின் சின்ன மகள் ஆர்யா (நம்ம நடிகர் இல்லை) ஒரே குத்தில் முடித்தாள். ஜான்தான் முடிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்; அதனால் எதிர்பாராததைச் செய்தோம் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள்.

இதில் நான் தயாரிப்பாளர் கட்சி. பாதி கட்சி. கத்தியை ஒரு கையிலிருந்து நழுவவிட்டு மறு கையில் பிடிக்கும் வித்தையை முந்தைய சீஸனிலேயே காட்டிவிட்டார்கள். 'பல கண்களை மூடுவாய்' என்று மூன்றாவது சீஸனில் ஜோசியமும் உண்டு. வவுச்சர் இருக்கிறது. ஆனால் அந்தப் பிணப் பட்டாளம் யார், எதற்கு வந்தது, என்ன வேண்டும் என்று எட்டு வருஷம் கேட்ட கேள்விகள் ஒரே ராத்திரியில் தூளாகிப் போயின. கேஷியர் ஸார் நோட்டில் பதினோரு வரிகளுக்கு வலது பக்கம் காலி.

அடுத்த வாரம் ராஜ விருந்து மேஜையில் நம்ம ஊர் காப்பி டே மாதிரி ஒரு காப்பி கப். எடுக்க மறந்துவிட்டார்கள். உலகமே சிரித்தது. அதைவிடக் கொடுமை, எதிரியின் கப்பல் படை திடீரென்று வந்து ஒரு டிராகனை வீழ்த்தியதற்குத் தயாரிப்பாளர் சொன்ன விளக்கம்: டெனேரிஸ் அந்தக் கப்பல் படையைக் கொஞ்சம் மறந்துவிட்டாளாம்!

"ஒருநாள் கேஷ்ல இருநூறு ரூபாய் மறந்தேன், மெமோ கொடுத்தான்" என்றார் கேஷியர் ஸார். "இவ ஒரு கடற்படையையே மறந்திருக்கா!"

மே 13. ஊர் சரணடைந்து மணி அடித்துவிட்டது. டெனேரிஸ் டிராகன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். முகம் மாறுகிறது. தெருத்தெருவாகக் கொளுத்துகிறாள். குழந்தை, குட்டி, எதுவும் பாக்கி இல்லை. அடுத்த வாரம் அவள் சிம்மாசன மண்டபத்துக்குள் நுழையும்போது, கூரை இல்லை. வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சாம்பல்.

மே 20 காலை எட்டு ஐம்பதுக்கு, சேல்ஸ் மேனேஜர் இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸோடு டெஸ்பாட்ச் ரூமுக்குள் போவதைப் பார்த்தேன். நானும் பின்னால் போனேன். தம்பி எழுந்து நின்றான்.

"உட்காரு. சாம்பல்தான்டா" என்றார்.

தம்பி டீயை வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை.

"நான் சொன்னது வந்திடுச்சு ஸார். ஆனா பிடிக்கல ஸார். ஏழு வருஷமா மெள்ள மெள்ள வந்தவ, ரெண்டு எபிஸோடுக்குள்ள தடதடன்னு கெட்டுப் போயிட்டா. கடைசிப் பக்கத்துல விடையை மட்டும் எழுதி வெச்சுட்டாங்க ஸார். ஸ்டெப் போடல. எங்க கணக்கு வாத்தியார் பாதி மார்க்தான் போடுவார்."

நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

சரி, சிம்மாசனத்தில் யார்? ப்ரான். ஐந்தாவது சீஸன் முழுக்க ஒரு எபிஸோடில்கூடத் தலை காட்டாதவன். அந்த நடிகரே ஸ்கிரிப்ட்டைப் படித்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். "ஒரு வருஷம் லாஸ் ஆஃப் பே-ல இருந்தவனுக்கு ப்ரமோஷனா!" என்று கேஷியர் ஸார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சீஸனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்கப் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்டர்நெட்டில் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கேஷியர் ஸாரிடம் சொன்னேன். கடிந்துகொண்டார்.

"தப்பு இருந்தா ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி கேளு. புஸ்தகத்தையே கொளுத்திட்டுப் புதுசா எழுதச் சொல்லாதே. ஐம்பத்தஞ்சு ராத்திரி குளிர்ல நின்னவனும் உன்னை மாதிரி மாசச் சம்பளக்காரன்தான்."

மே 31 சாயங்காலம் சாவியையும் கேஷையும் எண்ணிக் கொடுத்தார். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. சால்வை போட்டார்கள். மேனேஜர் பேசினார். தம்பி கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கேஷியர் ஸார் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். லாங் ஸைஸ் நோட்டை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

போன வருஷம் தஞ்சாவூரில் அவரைப் போய்ப் பார்த்தேன். 2022-ல் ஆரம்பித்த 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' பற்றி நான் பேச, அவர் அசட்டையாகத் தலையாட்டினார். "முடிவு தெரிஞ்ச சரித்திரம். பேரன் பார்க்கறான்." டெஸ்பாட்ச் தம்பி இப்போது வேறு கம்பெனியில். ஒவ்வொரு எபிஸோடுக்கும் ஏழு நிமிஷம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், தனக்கும் அனுப்புகிறான் என்று பெருமையாகப் போட்டுக் காட்டினார். நோட்டையும் கொண்டுவந்தார். பதினோரு வரி அப்படியே காலி. பேனாவும் அப்படியே. மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் வந்தது 2011 ஜூலையில். ஆறாவதுக்காகப் பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருக்கிறார்.

"பேசாம நாமளே ஒரு முடிவை எழுதி டாலி பண்ணிடலாமே ஸார்?" என்றேன்.

"கூடாது. 1948-ல பொறந்தவர். என்னைவிடப் பதிமூணு வயசு பெரியவர். பெரியவங்களை அவசரப்படுத்தக் கூடாது." நோட்டை மூடி அட்டையைத் துடைத்தார். "நீ அந்தப் பையன்கிட்ட பேசினியா? அன்னிக்கு அப்பளத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, அதைப் பத்தி?"

இல்லை என்றேன்.

பேனாவைத் திறந்தார். எங்கே எழுதினார், என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. இடது பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.